செதுக்கு வேலைப்பாடுள்ள அமெரிக்க லீவர் கைத்துப்பாக்கி: நார்விச் இரும்பா, நியூ ஹேவன் பித்தளையா?

ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. அது 1850களின் அசல் லீவர் கைத்துப்பாக்கியாக, அதாவது அடியில் உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த குண்டைத் தயாராக்கும் துப்பாக்கியாக இருக்க வேண்டும்; ஃபிரேமில் (இயந்திரத்தைத் தாங்கும் உடற்பகுதியில்) கொடிக்கருக்கும், அதாவது கொடி போல் சுருளும் அலங்காரமும், செதுக்கியிருக்க வேண்டும். இப்படித் தேடுபவர் முன் நான்கு வழிகள் உண்டு. கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த இரும்பு ஃபிரேம் துப்பாக்கிகள் ஒன்று. அடுத்து வால்கானிக் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனியின் பித்தளை ஃபிரேம் துப்பாக்கிகள். மூன்றாவது, அதன் வாரிசாக வந்த நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனியின் துப்பாக்கிகள், முக்கியமாகச் சின்ன .31 (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்). நான்காவது, இதே பித்தளை வகைகளில் தனியாகச் செதுக்கி வெள்ளி முலாம் பூசிய உயர்தர உருப்படிகள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதன்முதலாக வாங்குபவருக்கு நார்விச் இரும்புதான் சரி. காரணம் எளிது. நார்விச் துப்பாக்கியின் ஃபிரேமில் எளிய கொடிக்கருக்கு வழக்கமான வேலையாகவே வந்தது. செதுக்கு இருப்பதால் மட்டும் அதன் விலை ஏறிவிடுவதில்லை. எனவே யாரும் பிற்காலத்தில் உட்கார்ந்து அதில் செதுக்கிச் சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை. பித்தளையில் கதை வேறு. வெறுமையான வால்கானிக்குக்கும் செதுக்கிய வால்கானிக்குக்கும் விலையில் பெரிய இடைவெளி. பித்தளையோ மென்மையான உலோகம், நல்ல சிற்றுளி பிடிக்கத் தெரிந்த எவரும் சில நாளில் செதுக்கிவிடலாம். ஆசை எங்கே இருக்கிறதோ, போலியும் அங்கேதான் இருக்கும்.

மூன்று பெயர், ஒரே காப்புரிமை

மூன்று பெயர்களும் ஒரே இயந்திரத்தின் அடுத்தடுத்த உரிமையாளர்கள்தான். வால்டர் ஹண்ட் 1848-இல் ஓர் ஈயக் குண்டுக்குக் காப்புரிமை பெற்றார். குண்டின் அடிப்பகுதி குடைவாக இருக்கும். அந்தக் குடைவுக்குள்ளேயே கரிமருந்து. மறு ஆண்டு, அதைச் சுடும் தொடர் துப்பாக்கிக்கும் பெற்றார். லூயிஸ் ஜென்னிங்ஸ் அதே 1849-இல் அதைத் திருத்தினார். வெர்மாண்ட் மாநிலம் விண்ட்சரில் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் பட்டறையில் அந்தத் துப்பாக்கிகள் உருவாயின. பெஞ்சமின் டைலர் ஹென்றிக்கு இந்த இயந்திரத்தோடு பழக்கம் ஏற்பட்டதும் அங்கேதான். ஹோரஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் அதைக் கைத்துப்பாக்கியாக்கி 1854 பிப்ரவரி 14 அன்று காப்புரிமை பெற்றனர். கோர்ட்லண்ட் பால்மர் முதல் போட, நார்விச்சில் உற்பத்தி தொடங்கியது.

1855-இல் முதலீட்டாளர்கள் கூடி வால்கானிக் கம்பெனியை நிறுவினார்கள். வேலை நியூ ஹேவனுக்கு நகர்ந்தது. 1857 தொடக்கத்தில் அது நொடித்தது. சட்டைத் தயாரிப்பாளரான ஆலிவர் வின்செஸ்டர் சொத்துகளை எடுத்து, அதே ஆண்டில் நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். 1860-இல் ஹென்றி ரைஃபிளுக்குக் காப்புரிமை கிடைத்தபின் இந்தக் கைத்துப்பாக்கிகளுக்கு வேலை இல்லாமல் போனது.

புதிதாக வருபவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. மூன்று காலத்துத் துப்பாக்கிகளின் குழலிலும் 1854 பிப்ரவரி 14 என்ற தேதியே பொறித்திருக்கும். அது காப்புரிமைத் தேதி, செய்த தேதி அல்ல. செய்தவரைக் கண்டுபிடிக்க மற்ற எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பெயரும் நார்விச்சும் இருந்தால் முதல் காலம், அதில் ஃபிரேம் இரும்பு. வால்கானிக் கம்பெனியின் பெயர் இருந்தால் இரண்டாவது. கம்பெனிப் பெயரே இல்லாமல் நியூ ஹேவன் என்ற ஊர்ப்பெயரும் காப்புரிமைத் தேதியும் மட்டும் இருந்தால் மூன்றாவது. விற்பவர்கள் மூன்றையுமே பொதுவாக வால்கானிக் என்றுதான் சொல்வார்கள்; விளம்பரத்தில் உள்ள பெயரை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

தோட்டாவைப் புரிந்துகொண்டால் தேய்மானம் புரியும்

இந்தத் துப்பாக்கிகள் ஏன் இப்படிப்பட்ட நிலையில் கிடைக்கின்றன என்பதற்கு விடை தோட்டாவில் இருக்கிறது. இதற்குத் தனி உறை கிடையாது. குண்டின் வயிற்றில் மருந்து, அதன் பின்னால் பற்றவைக்கும் ஃபுல்மினேட். குடைவில் பிடிக்கும் மருந்து மிகச் சொற்பம்; .41 குண்டிலேயே ஏழு கிரெய்னை (மருந்தை நிறுக்கும் சிற்றெடை) தாண்டாது. குழல் வாயில் சுமார் 56 அடி-பவுண்டு ஆற்றல்தான் கிடைத்தது. ஹென்றியின் .44 தோட்டா 25 கிரெய்னுக்கு மேல் மருந்து எரித்தது என்பதோடு ஒப்பிட்டால், வாங்கியவர்கள் ஏன் இதைக் கைவிட்டார்கள் என்பது விளங்கும்.

உறை இல்லாததால் பின்பக்கத்தை அடைக்கவும் எதுவும் இல்லை. எரிந்த மருந்தின் வாயு, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைச் சுற்றிப் பின்னால் கசிந்தது. ஃபுல்மினேட்டின் எச்சமும் கரிமருந்தின் புகைக்கறையும் ஈரத்தை இழுத்து, போல்ட் முகப்பையும் குண்டைத் தூக்கும் கேரியரையும் அரித்தன. வெடிக்காத குண்டை வெளியே இழுக்கவும் பிடி எதுவும் இல்லை. குழல் வாய் வழியாகக் குச்சி விட்டுத் தள்ள வேண்டியிருந்தது. ஆகவே போல்ட் முகத்தில் குழிகள், குழலின் பின்முனையில் அரிப்பு, வாயில் குச்சி உரசிய தடம் ஆகியவை இயல்பான தேய்மானமே. கண்ணாடி போலப் பளபளக்கும் குழலைப் பார்த்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உள்ளே புதிய குழாய் செருகியிருக்கிறார்களா என்று வாயின் விளிம்பில் மெல்லிய வளையக் கோட்டைத் தேடுங்கள்.

நார்விச் இரும்பு

இதில் இரண்டு அளவு. ஒன்றாம் எண் .31, நான்கு அங்குலக் குழல். இரண்டாம் எண் .41, ஆறு அல்லது எட்டு அங்குலக் குழல்; எட்டு அங்குலத்தில் பத்து குண்டு பிடிக்கும். இந்தக் காலிபர்கள் பெயரளவிலானவை, அளவுகோல் வைத்துப் பார்த்தால் சற்றுக் குறைவாகவே வரும்; அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாம் சேர்த்து சுமார் 1,700 செய்யப்பட்டன என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் மதிப்பீடு.

இதன் பலம் மேலே சொன்னதுதான்: செதுக்கு உடன்பிறந்தது. இன்னொரு பலமும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சேகரிப்பவர்களும், வின்செஸ்டர் துப்பாக்கிகளின் முன்னோடிகளைத் தேடுபவர்களும் ஒரே பொருளுக்கு வருகிறார்கள். பின்னாளில் விற்க நேர்ந்தால் இரண்டு வாசல் திறந்திருக்கும்.

பலவீனம் இரும்பின் குணம். 170 ஆண்டில் எங்காவது துரு பிடித்திருக்கும். துருவைப் பட்டறைச் சக்கரத்தில் தேய்த்து எடுத்திருப்பார்கள். அதோடு செதுக்கின் ஆழமும் குறைந்திருக்கும். ஆழம் போனதால் அதே கோட்டில் மறுபடி சிற்றுளி ஓட்டியிருப்பார்கள். மேலே புதிய நீலப்பூச்சு (இரும்புக்குத் தரும் கருநீல நிறம்). இப்படி மீட்டுச் செதுக்கியதுதான் நார்விச்சில் பயப்பட வேண்டிய விஷயம். செதுக்கு மங்கி, ஃபிரேம் பழுப்பேறி, குழல் எழுத்து கூர்மையாக இருக்கும் உருப்படி, பளபளவென்று நீலம் பூசி ஆழமாகச் செதுக்கு தெரியும் உருப்படியைவிட எப்போதும் மேல்.

வால்கானிக் கம்பெனியின் பித்தளை

இங்கே பெரும்பாலும் கிடைப்பவை நேவி என்று பெயரிட்ட .41. அமெரிக்கக் கடற்படை இதை வாங்கியதாக நினைக்க வேண்டாம். அது அளவைக் குறிக்கும் விற்பனைப் பெயர். ஆறு அங்குலக் குழலில் எட்டு, எட்டு அங்குலத்தில் பத்து குண்டு. கழற்றி மாட்டும் தோள்கட்டையோடு பதினாறு அங்குலக் குழல் வகையும் உண்டு. அதில் கட்டை மட்டும் பிற்காலத்தது என்றால் விலை வெகுவாக இறங்கிவிடும். கட்டையின் உலோகக்கொக்கி ஃபிரேமின் பள்ளத்தில் அசையாமல் உட்காருகிறதா, இரண்டிலும் களிம்பு (காலப்போக்கில் உலோகத்தின் மேல் படியும் நிறம்) ஒரே அளவு பழமை காட்டுகிறதா என்று பார்த்தபின்தான் பேச்சே.

வெறுமையான எட்டு அங்குல வால்கானிக் அழகான பொருள். ஆறடி தள்ளி வைத்தாலும் தேன் நிறப் பித்தளையும் எட்டுப் பக்கம் கொண்ட எண்பட்டைக் குழலும் கண்ணை இழுக்கும். செதுக்கு வேலைதான் வேண்டும் என்ற பிடிவாதம் தளர்ந்தால், நார்விச்சுக்கு அடுத்தபடியாக நாங்கள் சொல்வது இதைத்தான். கைபடாத வெறுமை, கைபட்ட செதுக்கைவிட மதிப்புள்ளது.

நியூ ஹேவனின் சின்ன .31

மூன்றரை அங்குலக் குழல், ஆறு குண்டு. ஆறு அங்குலக் குழலோடு இலக்குச் சுடுவதற்கென்று ஒரு வகையும் வந்தது, அதில் பத்து. சட்டைப்பைத் துப்பாக்கியாகச் செய்ததால் மூன்றரை அங்குல வகையில் தேய்மானம் அதிகம், ஃபிரேம் ஓரங்கள் உருண்டிருக்கும். இலேசான கொடிக்கருக்கோடு இவை சந்தைக்கு வருவது உண்டு. பணம் குறைவாக இருப்பவருக்கு, செதுக்கிய பித்தளை லீவர் துப்பாக்கி வேண்டுமென்றால் நடைமுறையில் எட்டக்கூடிய வழி இதுதான். ஆனால் செதுக்கும் பரப்பு சிறியது. அசலா நகலா என்று முடிவு செய்யக் கிடைக்கும் தடயமும் அதே அளவுக்குக் குறைவு. அடுத்த பகுதியில் வரும் சோதனைகளை இதற்கு இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

செதுக்கு அசலா? பூதக்கண்ணாடிக்கு அடியில்

செதுக்கி வெள்ளி பூசிய உயர்தர வால்கானிக்கோ நியூ ஹேவனோ வாங்க நினைப்பவருக்கு இந்தப் பகுதிதான் உயிர். செதுக்கியவர் பெயர் இந்தத் துப்பாக்கிகளில் பொதுவாக இருப்பதில்லை. இன்னாருடைய கை என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் ஆதாரம் கேளுங்கள்; பாணி ஒத்திருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது. தொழிற்சாலைப் பதிவேட்டையும் நம்பியிருக்க முடியாது. வயோமிங் மாநிலம் கோடி நகர அருங்காட்சியகத்தில் உள்ள வின்செஸ்டர் பதிவேடுகள் பின்னாளைய மாடல்களுக்கானவை. வால்கானிக்குக்கு அங்கிருந்து பதிவேட்டுச் சான்றுக் கடிதம் கிடைக்காது. எனவே சாட்சி சொல்ல வேண்டியது உலோகமே.

தேவையான கருவிகள் சொற்பம்: பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ், ஒடுங்கிய ஒளி தரும் சின்ன டார்ச், காந்தம், டிஜிட்டல் வெர்னியர், வளையாத மரக்குச்சி ஒன்று. டார்ச்சை ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட இணையாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் எல்லாச் செதுக்கும் நன்றாகத்தான் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் கோட்டின் உதடு தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது அந்த உதடுதான். சிற்றுளி ஓடும்போது கோட்டின் இரு பக்கமும் நூலிழை அளவுக்கு உலோகம் எழும்பும். 1850களில் செதுக்கியிருந்தால், அந்த எழும்பல் கைபட்டும் உறைபட்டும் ஃபிரேமின் மற்ற ஓரங்களோடு சேர்ந்தே மழுங்கியிருக்கும். ஃபிரேமின் மூலைகள் சோப்புக்கட்டி போல் உருண்டிருந்து, செதுக்குக் கோட்டின் ஓரம் மட்டும் நகத்தில் பிடிக்கும் அளவுக்குக் கூர்மையாக இருந்தால், உலோகம் தேய்ந்தபின் கோடு வந்திருக்கிறது. இதற்கு வேறு விளக்கம் கிடையாது. கை அதிகம் படும் இடத்தையும் படாத இடத்தையும் ஒப்பிடுங்கள். லீவருக்கு மேலே உள்ள பகுதியும் கைப்பிடியை ஒட்டிய பகுதியும் அதிகம் தேயும். குழல் ஃபிரேமோடு சேரும் மூலை தேயாது. செதுக்கின் ஆழமும் அதே கணக்கில் மாறியிருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே ஆழம் என்றால் விலகிவிடுங்கள்.

அடுத்தது கோட்டின் அடித்தளம். வெள்ளி பூசிய துப்பாக்கியில் முதலில் செதுக்குவார்கள், பிறகுதான் முலாம். அதனால் மேல்பரப்பில் வெள்ளி தேய்ந்து பித்தளை தெரிந்தாலும், கோட்டின் பள்ளத்துக்குள் கறுத்த வெள்ளி தங்கியிருக்கும். சுற்றிலும் வெள்ளி இருக்க, பள்ளத்துக்குள் மட்டும் மஞ்சள் தெரிந்தால், முலாமை வெட்டிக்கொண்டு சிற்றுளி போயிருக்கிறது. இதை மறைக்கப் புதிதாக முலாம் பூசுவதும் உண்டு. அப்போது நசுங்கல்களின் அடியையும் திருகாணித் தலையின் தேய்ந்த வெட்டையும் பாருங்கள். பழைய காயத்துக்குள் வெள்ளி போயிருந்தால், காயத்துக்குப் பிறகு வந்த முலாம் அது.

முலாம் பூசாத பித்தளையில் களிம்பின் நிறம் பேசும். பழைய களிம்பு பள்ளத்தில் கருமையாகவும் மேட்டில் தேன் நிறமாகவும் படிப்படியாக மாறும். அம்மோனியா ஆவியிலோ கந்தகக் கரைசலிலோ வைத்துக் கறுப்பாக்கியது திட்டுத்திட்டாக, எல்லை தெரிய நிற்கும். ஃபிரேமின் பக்கவாட்டை மூடும் பக்கத்தகட்டைக் கழற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தால் உள்பக்க நிறத்தோடு ஒப்பிடுங்கள்.

பக்கத்தகடு ஃபிரேமில் பொருந்தும் விளிம்பு இன்னொரு நல்ல சாட்சி. தகட்டை மாட்டிய நிலையில் செதுக்கியிருந்தால் கொடி அந்த விளிம்பைத் தாண்டி மறுபக்கம் தடையில்லாமல் ஓடும். அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் கேள்வி எழ வேண்டும்: தகடு வேறு துப்பாக்கியுடையதா, அல்லது தேய்த்து மெலிந்ததால் நகர்ந்துவிட்டதா? திருகாணித் தலை ஃபிரேம் மட்டத்துக்கு மேலே துருத்தினால் உலோகம் தேய்க்கப்பட்டிருக்கிறது. செதுக்கு திருகாணித் தலைக்கும் தொடர்ந்திருந்தால் வெட்டு சரியான நிலையில் நிற்கும்போது கோடுகள் சேர வேண்டும்.

இரும்பில் துருக்குழியே நீதிபதி. பழைய செதுக்கின் மேல் துரு வந்தால் குழி கோட்டைத் தின்றிருக்கும். கோடு குழியருகே கரைந்து, அப்பால் மறுபடி தொடரும். துருவுக்குப் பிறகு செதுக்கினால் கோடு குழியைச் சுத்தமாக வெட்டிக்கொண்டு போகும், குழியின் சுவரில் வெட்டுத்தடம் இருக்கும். நார்விச்சில் மீட்டுச் செதுக்கியதைப் பிடிக்க இதுவே வழி. ஒரே வளைவில் இரண்டு கோடுகள் மயிரிழை விலகி ஓடுவதும் அதே கதையைச் சொல்லும்.

கொடியின் ஓட்டத்தையும் பாருங்கள். நார்விச் வேலை விரைவாகச் செய்த வேலை. வளைவுகள் அகலமாக, இடைவெளி தாராளமாக இருக்கும்; இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சு எடுத்ததுபோல் ஒத்துப்போவதில்லை. வெற்றிடமே இல்லாமல் நுணுக்கமாக நிரப்பி, பின்னணியில் புள்ளிகுத்தியிருந்தால், அது தனி ஆணை வேலையாக இருக்க வேண்டும் அல்லது பிற்காலத்ததாக இருக்க வேண்டும். முதலாவது மிக அரிது.

குண்டு இல்லை என்று உறுதிசெய்தபின் மற்ற சோதனை

எந்தச் சோதனைக்கும் முன், உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்யுங்கள். இந்தத் தோட்டாவில் ஃபுல்மினேட் திறந்த நிலையில் இருப்பதால் இது சம்பிரதாயமான எச்சரிக்கை அல்ல. குழலுக்கு அடியிலேயே ஒட்டியிருப்பது குண்டுகளை அடுக்கும் மேகசின் குழாய். அதன் அடியில் நீளமான கீறல் இருக்கும். குண்டுகளைப் போல்ட் பக்கம் தள்ளும் துண்டுக்குத் தள்ளி என்று பெயர்; அதன் காது (நீட்டிய முனை) அந்தக் கீறல் வழியாக வெளியே தெரியும். காது போல்ட் பக்கம் முழுவதும் போய் நிற்காமல் பாதியில் நின்றால், உள்ளே குண்டு இருக்கலாம். மரக்குச்சியைக் குழலுக்குள் மெல்ல விட்டு, வாய் விளிம்பில் குறி வைத்து, வெளியே எடுத்துக் குழலின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் தள்ளியோ தட்டியோ பார்க்கக் கூடாது. பழைய தோட்டா கையாளத் தெரிந்த துப்பாக்கிக் கம்மியரிடம் விட்டுவிட வேண்டும்.

பிறகு இயக்கம். தள்ளியை முன்னால் நகர்த்தி, குழல் வாயருகே உள்ள திருப்பு மூடியைச் சுழற்றுங்கள். இது இறுகிப் போயிருப்பது சகஜம். பலவந்தமாகத் திருப்பி உடைத்தவையும் அதே அளவுக்குச் சகஜம். மூடியின் நிறம், எழுத்து, எண்பட்டை ஆகியவை குழலோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றியது. லீவரை மெதுவாக இறக்கும்போது முழங்கால் போன்ற இணைப்பு மடங்கும், போல்ட் பின்னே வரும், கேரியர் மேலே எழும், சுத்தியல் பின்னால் நின்று பூட்டும். ஏற்றும்போது எதிர்த்திசையில் எல்லாம் நடக்க வேண்டும். கேரியர் பாதியில் நின்றால் தூக்கும் கை தேய்ந்திருக்கிறது. சுத்தியல் நிற்காமல் நழுவினால், அதைப் பிடித்து நிறுத்தும் வெட்டு உடைந்திருக்கிறது. விசையை அழுத்திச் சுத்தியலை வெறுமனே விழவிடாதீர்கள். பழைய எஃகு, உடைந்தால் மாற்று உதிரி கிடைக்காது. கட்டை விரலால் பிடித்து இறக்குங்கள்.

குழலின் எண்பட்டை ஓரங்கள் கூர்மையாக இருந்து எழுத்து மங்கியிருந்தால், தேய்த்தபின் ஓரத்தை மறுபடி அரம் போட்டிருக்கலாம். ஒரே சீரான, கருமை கலந்து பளபளக்கும் நீலம் இருபதாம் நூற்றாண்டின் உப்புக்குளியல் பூச்சு (சூடான உப்புக் கரைசலில் முக்கியெடுப்பது). பித்தளைத் துப்பாக்கிகளில் வரிசை எண் பெரும்பாலும் கைப்பிடிப் பலகைக்கு அடியில் இருக்கும். பலகையின் உள்பக்கத்திலும் எண் இருக்கிறதா, ஃபிரேம் எண்ணோடு சேர்கிறதா என்று பாருங்கள். ஃபிரேம் இரும்பு என்று சொன்னால் காந்தம் ஒட்ட வேண்டும். பித்தளை என்று சொன்னால் ஒட்டக் கூடாது. நொடியில் முடியும் சோதனை, ஆனாலும் புகைப்படம் பார்த்தே வாங்குபவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

தரம், சட்டம், பராமரிப்பு

அமெரிக்கச் சந்தையில் என்.ஆர்.ஏ. (அந்நாட்டுத் தேசியத் துப்பாக்கிச் சங்கம்) வகுத்த தொன்மைத் துப்பாக்கித் தரவரிசையே பொது மொழி. ஃபைன் என்றால் எல்லா உதிரியும் அசல், அசல் பூச்சு முப்பது சதவீதத்துக்கு மேல். வெரி குட் என்றால் உதிரி எல்லாம் அசல், பூச்சு முப்பது சதவீதம் வரையோ சுத்தமாக இல்லாமலோ இருக்கலாம், ஆனால் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும். குட் என்ற தரத்தில் சின்ன உதிரி மாற்றமும், தேய்த்துச் சுத்தம் செய்ததும், மறு நீலப்பூச்சும் அடங்கிவிடும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம்: குட் என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் அதன் பொருளைத் தெரிந்திருக்க வேண்டும். செதுக்கு வேலைக்காக வாங்குபவர் வெரி குட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

1898 அல்லது அதற்கு முன் செய்தது என்பதால், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இவை தொன்மைப் பொருள். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவற்றைத் துப்பாக்கி என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. மாநிலச் சட்டம் தனி; வசிக்கும் மாநிலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்டு எல்லையைத் தாண்டினால் அந்தச் சலுகை செல்லாது, போகும் நாட்டின் அனுமதி எழுத்தில் கையில் இருக்க வேண்டும்.

வாங்கி வந்தபின் பித்தளை பாலிஷ் போடாதீர்கள். பல பாலிஷ்களில் அம்மோனியா இருக்கிறது. அது களிம்பை மட்டும் எடுப்பதில்லை, இழுவிசை தங்கிய பித்தளையில் விரிசலையும் கிளப்பும். குழலும் ஃபிரேமும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். நைட்ரைல் கையுறை, நுண்படிக மெழுகு மெல்லிய பூச்சு, ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் போதும். தோல் உறைக்குள்ளும் ஓக் பெட்டிக்குள்ளும் நிரந்தரமாக வைக்கக் கூடாது, அமிலம் வெளிவிடும். கம்பளித் துணியும் ரப்பரும் கந்தகம் வெளிவிட்டு வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

விலை பேசும்போது

ஏலத்தில் வாங்கினால், சுத்தியல் விழும் விலையோடு பையர்ஸ் பிரீமியமும் (வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வாங்கும் கூடுதல் கட்டணம்) சேரும். உச்ச வரம்பை அதையும் கூட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். செதுக்கு பிற்காலத்தது என்று தெரிந்தும் துப்பாக்கி பிடித்துவிட்டால், வெறுமையான துப்பாக்கியின் விலையைக்கூடக் கொடுக்காதீர்கள். சிலர் செதுக்குக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள், தவறு. அசல் மேல்பரப்பு போய்விட்டது, அதை யாரும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அசல் என்று சொல்லி விற்றால் மூன்று விஷயம் பில்லிலேயே எழுதி வர வேண்டும்: செதுக்கு தயாரிப்புக் காலத்தது, முலாமோ நீலமோ மறுபடி பூசப்படவில்லை, எந்தெந்த உதிரி மாற்றப்பட்டது. மூன்றில் ஒன்று பொய் என்று வெளி நிபுணர் எழுதிக் கொடுத்தால் முழுப் பணத்தோடு திரும்ப எடுத்துக்கொள்ளும் கெடுவும் அதில் இருக்கட்டும். நிபுணரிடம் அனுப்பிப் பதில் வாங்க அவகாசம் வேண்டும், முப்பது நாள் கேளுங்கள். நார்விச் துப்பாக்கிக்கு இந்த வாசகத்தை எழுதித் தரத் தயங்குபவர் குறைவு. செதுக்கிய வால்கானிக்குக்கு எழுதித் தர விற்பவர் மறுத்தால், வெறுமையான எட்டு அங்குல வால்கானிக் அடுத்து எங்கே விற்பனைக்கு வருகிறது என்று பார்க்கத் தொடங்குங்கள்.